குடைத் தட்டு

துறையூர்
14.2.1982

அன்புள்ள மச்சான் பத்துமலைக்கு,

சன்னாசி எழுதிக்கொண்டது. நான், மாரியம்மா, பையன்கள் இருவர் எல்லாரும் நலம். உன் நலம், தங்கை செல்லாயி நலம், பாப்பா நலம் அறிய ஆவல். அப்பா இருக்கிறார்.

தீபாவளிக்கு நான் போட்ட கடிதத்துக்கு நீ பொங்கலுக்குப் பதில் போட்டாய். அதற்கு நான் மாசியில் பதில் போடுகிறேன். இதே வேகத்தில் போனால் கிழவனாவதற்குள் இன்னும் பத்துக் கடிதம் எழுதிவிடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் ரேடியோ செட்டுக் கடைக்குக் குழாய் ஒலிபெருக்கி வாங்கப் போன வாரம் திருச்சிக்குப் போனேன். திரும்பும்போது பஸ் நிலையத்தில் ஒரு காசெட் கடை. உள்ளே கிடார் மூன்று தட்டுத் தட்டி நின்றது. பிறகு ஒருவன் விசில் அடித்தான். மச்சான், நம் குடைத் தட்டு! இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு போட்டுப் போட்டுக் காது மரத்துப்போன எனக்கு, அந்த இடத்திலேயே கை கால் ஓடவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன். கடைக்குள் போவதற்குள் அந்த ஆள் அதை நிறுத்திவிட்டார். "யாரோ பாரின் காசெட்டு குடுத்து, அழிச்சுட்டு முருகன் பாட்டுப் பதியச் சொன்னாங்க தம்பி" என்றார். நான் நிற்க நிற்க அதன் மேல் முருகன் பதிவாகிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். பாடியவர்கள் பெயரெல்லாம் மறந்துவிட்டது. இசைத்தட்டுகளின் அட்டைப் படத்தைப் பார்த்து நாம் வைத்த பெயர்கள்தான் நினைவில் நிற்கின்றன. நாலு நாற்காலி, பனிமலை, கண்ணாடிக்காரி, பூனை, ஊதாச்சட்டை. குடை. குடைதான் தொலைந்தது, மற்ற பத்தும் உன்னிடம்தானே இருக்கின்றன? என்னிடம் இப்போது ஒரு பழைய டேப்ரெக்கார்டர் இருக்கிறது. அவற்றைக் காசெட்டில் பதிந்து, யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடு. அதற்கு முன் நீ ஒருமுறை கேட்டு, எது இன்னும் நன்றாக இருக்கிறது, எது நம்மை ஏமாற்றியது என்று எழுது.

தங்கைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன் மச்சான்,
சன்னாசி


புந்தோங், ஈப்போ
9.3.1982

அன்புள்ள மச்சான் சன்னாசிக்கு,

நாங்கள் மூவரும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகம். உங்கள் எல்லாருடைய சுகமும் மாமாவின் சுகமும் அறிய விரும்புகிறோம். மாமாவுக்கு இருமல் குறைந்ததா? செல்லாயி கேட்கச் சொன்னாள்.

பத்துத் தட்டும் அப்படியே இருக்கின்றன. பினாங்கில் நீ கப்பலேறிய அன்று, "சுமை கூடுது மச்சான், நீயே வச்சுக்க" என்று கொடுத்தாயே, அதே பலகைப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறக்கினேன். பாப்பா தும்மிக்கொண்டே துடைத்தாள். பெட்டியை லாரியில் வைத்து மீரா சாஹிப் கடைக்குக் கொண்டுபோனேன். நம் ரெக்கார்டு பிளேயரைப் பழுது பார்த்தாரே, அவரேதான், இப்போது தாடியெல்லாம் வெள்ளை. பெட்டியைத் திறந்ததும், "என்னா தம்பி, இதெல்லாம் இன்னும் வச்சிருக்கியாலா? சாலையில போட்டாக்கூட ஒருத்தனும் எடுக்க மாட்டான்" என்றார். ஆனால் ஓட ஆரம்பித்ததும் கடையை விட்டு நகரவில்லை.

நாலு நாற்காலியை முதலில் போட்டோம். அந்த டிரம்ஸ் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுத் தகரக் கூரையையே அதிரவைத்தது என்று நான் பாப்பாவிடம் பெருமை பேசியிருந்தேன். கேட்டால், பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கிறது. பாப்பா மரியாதைக்காகச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பனிமலை முதல் பக்கம் இன்றும் தங்கம். இரண்டாம் பக்கம் அப்போதே சுமார்தான், அரை நாள் ரப்பர்ப் பால் வெட்டிய காசு போட்டு வாங்கியதை நாமே எப்படிக் குறை சொல்வது என்று புகழ்ந்துகொண்டிருந்தோம். கண்ணாடிக்காரி மட்டும் மாறவே இல்லை. அவள் குரல் வந்ததும் மீரா சாஹிப் சுருட்டை அணைத்துவிட்டார்.

நான்தான் மாறிவிட்டேன். அந்த வயதில் இந்தப் பாட்டுகளைக் கேட்டால், தோட்டத்தை விட்டு எங்கோ போகப்போகிறோம் என்று தோன்றும். இப்போது பலகை ஆலையில் லாரி ஓட்டுகிறேன், முதுகு வலிக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம் சொல்லு.

அன்புள்ள,
பத்துமலை


துறையூர்
2.4.1982

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பனிமலையைப் பற்றி நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்போதே சொல்லியிருந்தால் என்னிடம் அடி வாங்கியிருப்பாய்.

குடைக்கு ஒரு வழி தோன்றுகிறது. சித்தியவான் கல்யாணத்தில் நாம் வாசித்த அன்று அந்த வீட்டிலேயே மறந்து விட்டுவிட்டோம் என்று நீதானே சொன்னாய்? லாரியில் லுமுட் பக்கம் போவாய் அல்லவா, அந்த வீட்டில் ஒரு எட்டுப் போய்க் கேள். இத்தனை வருடத்துக்குப் பிறகு இருக்காது என்று தெரியும். எனக்காகக் கேள்.

அப்பாவுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறாய். நான் அவரோடு பேசி வருடக்கணக்காகிறது. மாரியம்மா சோறு போடுகிறாள், பையன்கள் பேசுகிறார்கள், நான் பேசுவதில்லை. உனக்கு அரைகுறையாகத் தெரியும், முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தொன்பதில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. அட்டை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வேலை பெர்மிட் என்று வந்ததே, அப்போது எனக்கு இருந்த ஒரே பிடி என் பிறப்புப் பத்திரம். செமோர்த் தோட்டத்தில் பிறந்தவன் என்று காட்டினால் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னார். அந்தப் பத்திரத்தை அப்பா அலைந்து திரிந்து அந்த வருடம் பங்குனியில்தான் வாங்கி வந்தார். ஐப்பசியில் மனுப் போடும் நேரத்தில் எங்கே என்று கேட்டால், "கொடை படம் போட்ட தட்டு உறைக்குள்ள வச்சேன்யா. லயம் ஒழுகுது, கரையான் வேற. கொடைன்னா மழ படாதுல்ல" என்றார்.

குடைத் தட்டோ தையிலேயே சித்தியவானில் தொலைந்துவிட்டது. தையில் தொலைந்த தட்டுக்குள் பங்குனியில் எப்படி வைப்பது? அந்தக் கல்யாணத்தில் பிளேயர் மோட்டார் எரிந்துபோய், ஆனி வரை நாம் பெட்டியையே திறக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொண்டார். நான் மற்ற பத்து உறையையும் கிழிக்காத குறையாகத் தேடினேன். மறு பத்திரத்துக்கு எழுதிப்போட்டு வருவதற்குள் கெடு முடிந்துவிட்டது.

அவர் அதை எரித்துவிட்டார் என்பதுதான் என் முடிவு. இங்கே அவருக்கு ஒரு துண்டுக் கொல்லை இருந்தது, சாகும்போது அதில் சாக வேண்டும். தனியாக வரப் பயம். அதற்காக என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார். இந்த ஊர் என்னை இன்றைக்கும் 'மலேயாக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறது. உனக்குச் செல்லாயியை ஒரே மாதத்தில் அவசர அவசரமாகக் கட்டிவைத்தோம், குடியுரிமை உள்ள நீல ஐ.சி.க்காரன் கையில் அவளாவது அங்கே நிற்கட்டும் என்று. அது ஒன்றுதான் சரியாக நடந்தது.

சித்தியவானை மறக்காதே.

சன்னாசி


புந்தோங், ஈப்போ
20.7.1982

அன்புள்ள மச்சான் சன்னாசிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா? பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. காலில் பலகை விழுந்து ஒரு மாதம் வீட்டில் கிடந்தேன்.

மூன்று காசெட்டில் ஆறு தட்டுப் பதிந்து அனுப்பியிருக்கிறேன். பக்கத்துத் தெரு ராமையா மகள் கல்யாணத்துக்கு முசிறிக்கு வருகிறார், அவரிடம் வாங்கிக்கொள். பூனைத் தட்டில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஊசி குதிக்கும் இடம் இன்னும் குதிக்கிறது. அந்த இடத்தில் நாம் இருவரும் சேர்ந்தே குதிப்போமே, மீரா சாஹிப் கடையில் என் தலை தானாக ஆடியது. ஊதாச்சட்டையைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன். ஒரே அலறல். இருபது வயதில் அதில் என்ன கண்டோமோ.

சித்தியவானுக்குப் போனேன். அந்த வீட்டை இடித்துக் கடை கட்டியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. குடையை விட்டுவிடு மச்சான்.

மாமாவிடம் பேசு. வயதானவர். மறதியில் வேறு எங்காவது வைத்திருக்கலாம். நடந்தது நடந்துவிட்டது, மன்னித்து விட்டுவிடேன்.

பத்துமலை


துறையூர்
11.8.1982

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். கால் எப்படி இருக்கிறது? செல்லாயி மஞ்சள் பற்றுப் போட்டாளா?

காசெட்டுகள் வந்தன. ராமையா அண்ணனுக்குக் கோழி அடித்துச் சாப்பாடு போட்டோம். சாயங்காலம் வாசலில் டேப்ரெக்கார்டரை வைத்து நாலு நாற்காலியைப் போட்டேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் என்றாயே, உனக்குக் காது போய்விட்டது. எனக்குத் தகரம் அதிர்ந்தது. என் பெரியவன், "என்னப்பா இது, நாய் கடிச்ச மாதிரி கத்துறான்" என்றான். கண்ணாடிக்காரியைப் போட்டபோது அவனும் வாயை மூடினான்.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பா உள்ளே படுத்திருந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். சின்னவனிடம், "இது எங்க லயத்துப் பாட்டுய்யா. ஒங்கப்பன் போடுவான். நான் பால் வாளி கழுவிக்கிட்டே கேப்பேன்" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. மூன்று காசெட்டும் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் நெஞ்சு முழுக்கச் சளியாம், தை தாண்டுவது கஷ்டம் என்கிறார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதியிருக்கிறாய். தொலைத்திருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். பொய் சொன்னாரே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

சரி, வேறு பேசுவோம். குடைத் தட்டின் இரண்டாம் பக்கத்தை மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறேன். முதலில் விசில் பாட்டு. அடுத்து அந்த மெதுவான பாட்டு. மூன்றாவது ரயில் சத்தம். அதோடு நின்றுவிடுகிறது. நாலாவது என்ன? நாலு நாளாகத் தூக்கமில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் உடனே எழுது.

சன்னாசி


புந்தோங், ஈப்போ
30.8.1982

அன்புள்ள மச்சான் சன்னாசிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கால் ஆறிவிட்டது. மாமாவைப் பற்றிப் படித்துவிட்டுச் செல்லாயி ஒரே அழுகை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். மாமாவுக்கு நல்ல டாக்டராகப் பார்.

நீ தூக்கமில்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் உடனே எழுதுகிறேன். இரண்டாம் பக்கம் இப்படி: விசில் பாட்டு, மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடி. மெதுவான பாட்டு ஐந்து நிமிடம் இரண்டு வினாடி. ரயில் பாட்டு இரண்டு ஐம்பத்தெட்டு. நாலாவதில் பாட்டே கிடையாது, வெறும் பியானோ, ஒரு நிமிடம் பத்தொன்பதுதான், அதனால்தான் உனக்கு வரவில்லை. ஐந்தாவது நீ கிடாரில் வாசிக்கப் பழகி விரல் புண்ணான பாட்டு, நாலு முப்பத்தாறு. கடைசியில் எல்லாரும் கைதட்டிப் பாடுவது, ஆறு நிமிடம் ஏழு வினாடி.

இனிமேல் தூங்கு.

பத்துமலை


துறையூர்
17.9.1982

மச்சான்,

எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

பியானோவைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். கடைசிவரை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி. மாரியம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டினேன். அவள் நாலு எழுத்துப் படித்தவள், பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். "ஒங்க மச்சானுக்கு வினாடிகூட மனப்பாடமா இருக்கே, அவ்வளவு புத்திசாலியா?" என்றாள்.

நீ புத்திசாலி இல்லை பத்துமலை. ஒரு பாட்டின் மூன்று கிடார் கோர்வையை மூன்று மாதம் மறந்து மறந்து படித்தவன். பாட்டின் வரிசையை மனிதன் நினைவில் வைத்திருக்கலாம். நிமிடமும் வினாடியும் உறையின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி. அந்த உறை உன்னிடம் இருக்கிறதா? எப்போதிருந்து?

அப்பா எழுந்து உட்காருவதில்லை. ஒருவேளை அவர் சொன்னது உண்மையென்றால், அவர் காலில் நான் விழ வேண்டும். பன்னிரண்டு வருடம் பொய்யன் என்று நினைத்த மனுஷனிடம், ஒரு சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்க எனக்கு வாய் வராது. உன் கையால் இரண்டு வரி வேண்டும். தையைத் தாண்டாது என்று சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

சன்னாசி


துறையூர்
30.10.1982

பத்துமலைக்கு,

பதில் இல்லை. அப்பாவுக்குக் கஞ்சி மட்டும் இறங்குகிறது. இரண்டு வரி போதும்.

சன்னாசி


புந்தோங், ஈப்போ
25.11.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செல்லாயி எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் சுகமா? அப்பாவுக்கு எப்படி இருக்கிறது? நான் ஆலையில் கையுறை எண்ணும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. "அடுத்த மாசம் வாக்கா" என்கிறார்கள், போன மாதமும் அதையேதான் சொன்னார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், எப்படியும் வந்துவிடுவேன் என்று.

உங்களுக்கும் அவருக்கும் என்ன சண்டை அண்ணா? உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கடிதத்தை என்னிடம் காட்டவும் இல்லை. பாட்டுப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். பாப்பா கண்ணாடிக்காரியைக் கேட்டால் அவள் மேல் எரிந்து விழுகிறார். நீலக் கடிதத்தாள் வாங்குகிறார், எழுதுகிறார், கிழிக்கிறார். நேற்றுக் குப்பையில் ஐந்தாறு கிடந்தன. எல்லாவற்றிலும் "அன்புள்ள மச்சான் சன்னாசிக்கு, சுகம், சுகமறிய ஆவல்" வரைக்கும்தான் இருக்கிறது.

போன வாரம் அலமாரிக்குப் பின்னாலிருந்து பேப்பர் சுற்றிய பெரிய உறை ஒன்றை எடுத்து மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார். எங்கே என்று கேட்டால், "சும்மா சாலையிலதான்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அதையே திரும்பக் கொண்டுவந்தார். அது என்ன என்று எனக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்.

நீங்கள் பெரியவர். சின்னத் தட்டுமுட்டுச் சாமானுக்காகச் சண்டை வேண்டாம். ஒரு வார்த்தை சமாதானமாக எழுதுங்கள்.

அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
செல்லாயி


புந்தோங், ஈப்போ
2.1.1983

மச்சான் சன்னாசிக்கு,

சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை.

உறை என்னிடம் இருக்கிறது. அறுபத்தொன்பது சித்திரையிலிருந்து. சித்தியவானில் நாம் எதையும் விட்டுவரவில்லை. போன வருடம் நான் அங்கே போனதாக எழுதியதும் பொய்.

புந்தோங்கில் அப்போது சில பையன்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். கிடாருக்கு ஆள் வேண்டும், விசில் பாட்டு வாசிக்கத் தெரிந்தவன் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். உனக்குத்தான் அது நன்றாக வரும். உன்னிடம் சொன்னால் உன்னைத்தான் எடுப்பார்கள். பிளேயர் எரிந்து பெட்டி மூடியே கிடந்ததால், நீ பால்மரத்துக்குப் போயிருந்தபோது அவர்களிடம் போட்டுக் காட்டக் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஈப்போவுக்குப் போனேன். என்னைப் பாதிப் பாட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வரும் வழியில் சாலையோரம் ஒரு ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தட்டு கேரியரில் வெயிலில் கிடந்தது. வீட்டுக்கு வந்து உறையிலிருந்து பாதி இழுத்துப் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

அந்தத் தட்டுக்கு நீ எத்தனை மாதம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். பயந்துவிட்டேன். பேப்பரில் சுற்றி எங்கள் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு அடியில் செருகிவிட்டேன். ஆனியில் நீ தேடியபோது சித்தியவான் என்று சொன்னேன். ஒரு தட்டுக்காகச் சொன்ன பொய் மச்சான். அப்போது பத்திரம் என்ற பேச்சே இல்லை.

ஐப்பசியில் மாமா குடை என்று சொன்னதும் நீ ஓடி வந்து, "சித்தியவான்லதான விட்டோம்? நிச்சயமா?" என்று கேட்டாய். மாமா உன் பின்னால் நின்றார். "நிச்சயமா" என்றேன். அவர் என்னையே பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இருக்காது, கிழவர் மறந்து பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்து, இருந்துவிட்டால் நான் திருடன். பார்க்காதவரை நான் ஒன்றும் செய்யாதவன். பினாங்கில் உங்களை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் காலையில்தான் திறந்தேன். தட்டுக்கும் அட்டைக்கும் நடுவில், நாலாக மடித்து, இருந்தது.

அன்றைக்கே தந்தி அடித்திருக்கலாம். செல்லாயியைக் கட்டி இருபது நாள்தான் ஆகியிருந்தது. தெரிந்தால் என் வீட்டில் இருப்பாளா? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அட்டைகளைத் தரையில் பரப்பிப் பாட்டுக் கேட்ட சந்தோஷத்தில், குடை அட்டையையும் எடுத்துப் பார்த்து வினாடி எழுதிவிட்டேன். எழுதும்போது தெரியவே இல்லை.

பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாமாவிடம் சொல்லிவிடு. அவர் பொய் சொல்லவில்லை.

பத்துமலை


துறையூர்
6.2.1983

பத்துமலைக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை, இன்று எழுத மறுக்கிறது.

உன் கடிதத்தில் ஜனவரி இரண்டு என்று தேதி போட்டிருக்கிறாய். தபால் முத்திரையில் ஜனவரி பத்தொன்பது இருக்கிறது. அப்பா பதினாலாம் தேதி, பொங்கல் பானை வைக்கும் நேரத்தில் போய்விட்டார். தந்தி உங்களுக்குப் பதினைந்தாம் தேதி கிடைத்ததாகச் செல்லாயி எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, அப்பா உயிரோடிருந்த பன்னிரண்டு நாளும் வீட்டில் வைத்திருந்தாய், அவர் போய்விட்டார் என்று தெரிந்த பிறகு தபாலில் போட்டாய். இதை வைத்து உன்னிடம் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஏதாவது சொல்வாய்.

அப்பா கடைசி வாரம் பாட்டுப் போடச் சொன்னார், மாரியம்மாவிடம். நான்தான் போட்டேன். "கொடப் பாட்டு இல்லியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று அவள் சொன்னாள். என்னைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "வேணாம்மா. அவனே ஒரு நாளைக்குத் தெரிஞ்சுக்குவான்" என்றாராம். நான் அடுத்த அறையில் டேப்ரெக்கார்டர் பக்கத்தில் இருந்தேன். எட்டடி தூரம். உன் இரண்டு வரி இல்லாமலே நான் அந்த எட்டடியைத் தாண்டியிருக்கலாம். வினாடிகளைப் படித்த அன்றைக்கே எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. பிடிவாதம் பிடித்துத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாவம் என்னுடையது, அதை உன் தலையில் கட்ட மாட்டேன். உன்னுடையது உனக்கே தாராளமாக இருக்கிறது.

ஐப்பசியில் நீ 'நிச்சயமா' என்று சொன்னபோது அப்பா உன்னையே பார்த்தார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மகளை உனக்குக் கட்டிக்கொடுக்கப்போகிறோம் என்பதால் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் பொய்யன் பட்டம் வாங்கிக்கொண்டு பதின்மூன்று வருடம் ஒரே கூரைக்குள் இருந்தார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

செல்லாயியிடம் நான் எழுத மாட்டேன். நீயே உன் வாயால் சொல். எழுதிக் கிழிக்க வேண்டாம், அவள் எதிரிலேயே இருக்கிறாள்.

காசெட்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை. அழித்து அவற்றின் மேல் முருகன் பாட்டுப் பதியக் கொடுத்துவிட்டேன். கருமாதி வீட்டில் போட வேண்டியிருந்தது.

பத்திரத்தை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். எனக்கு முப்பத்துமூன்று வயது முடிந்துவிட்டது, அதை எடுத்துக்கொண்டு நான் எந்த வாசலில் போய் நிற்பது? குடை உறைக்குள்ளேயே வை. பிரித்துப் பார்த்தேன். லயம் ஒழுகியிருக்கிறது, தோட்டத்தை விற்றார்கள், நீ ஈப்போவுக்கு வீடு மாறியிருக்கிறாய். அத்தனைக்கும் பிறகு ஒரு சொட்டு ஈரமில்லை, ஒரு எழுத்தைக் கரையான் தின்னவில்லை. தகப்பன் பெயர் எழுதிய இடம் நேற்று எழுதியது போல இருக்கிறது. படிக்கத் தெரியாத மனுஷன் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து மகன் சன்னாசி